த்யௌஸ் பிதா, ஜீயஸ், ஜூபிடர்: ஒரே தெய்வமா, ஒரே பெயரா?

கேள்வி இது: ரிக்வேதத்தின் த்யௌஸ் பிதா, கிரேக்கரின் ஜீயஸ், ரோமானியரின் ஜூபிடர் மூவரும் ஒரே 'வானத் தந்தை'யிலிருந்து வந்தவர்கள் என்கிறார்கள். எழுத்தே இல்லாத காலத்துத் தெய்வத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள், அது எவ்வளவு உறுதி, அந்தத் தெய்வம் எப்படிப்பட்டது, நம் 'தெய்வம்' என்ற சொல் அதோடு சேர்ந்ததா?

பெயர் ஒன்றுதான். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் முதலியவற்றுக்கெல்லாம் தாயான, எழுத்தில் கிடைக்காத மொழியை மூல இந்தோ-ஐரோப்பிய மொழி என்கிறார்கள். அதில் மீட்டெடுத்த தெய்வப் பெயர்களில் இதைவிட உறுதியானது வேறில்லை. ஆனால் தெய்வத்தின் குணம், கதை, அதிகாரம் என்று கேட்டால் கையில் இருப்பது கொஞ்சம்தான். இணையத்தில் இந்த விஷயத்தில் வரும் குழப்பமெல்லாம் இந்த இரண்டையும் ஒன்றாக்குவதால் வருகிறது. பெயர் உறுதியானதால் கதையும் உறுதி என்று நினைத்து, ஜீயஸின் இடியையும் அரியணையையும் கொண்டுபோய் அந்த மொழியைப் பேசிய, 5,000 ஆண்டுக்கு முந்தைய புல்வெளி மக்கள் தலையில் கட்டிவிடுகிறார்கள். அதனால் முதலில் பெயரை நன்றாகப் பார்த்துவிடுவோம்.

மீட்டெடுத்த வடிவம் *த்யேவுஸ் ப்ஹ்தேர். முன்னால் உள்ள நட்சத்திரக் குறிக்கு, எந்தக் கல்வெட்டிலும் ஏட்டிலும் கிடைக்காமல் ஒப்பீட்டினால் மட்டும் வந்த வடிவம் என்று பொருள். இங்கே 'த்யே' என்பதில் வருவது 'தினம்' என்று சொல்லும்போது நாக்கில் வரும் மெல்லிய த. இரண்டாம் சொல்லில் வருவது 'பத்து' என்பதில் உள்ள வல்லின த. வேர்ச்சொல்லுக்கு 'ஒளிர்தல்' என்று பொருள். அதனால் *த்யேவுஸ் என்பது வெறும் வானம் மட்டுமல்ல, பகல் ஒளி நிறைந்த வானம். இரவு வானத்துக்கு இந்தச் சொல் பிறவியிலேயே பொருந்தாது. லத்தீனில் இதே சொல்லின் இன்னொரு வடிவம் தியேஸ், அதாவது 'பகல்'. அனத்தோலியாவின், அதாவது இன்றைய துருக்கியின், பழைய மொழியான ஹிட்டைட்டில் சிவத் என்றால் பகல். ஆர்மேனியத்தில் தீவ் என்றால் பகல். ரிக்வேதத்திலேயே த்யௌஸ் என்பது சுமார் 500 இடங்களில் கண்ணால் பார்க்கும் வானத்தையும், சுமார் 50 இடங்களில் பகலையும் குறிக்கிறது.

இனி ஒலி ஒலியாக. சொல்லின் தொடக்கத்தில் உள்ள த்ய் சமஸ்கிருதத்தில் அப்படியே நின்றுவிட்டது. கிரேக்கத்தில் த்ய் சேர்ந்தால் ஸ்-ஒலியோடு கலந்த ஒரே எழுத்தாக மாறும். இது இந்த ஒரு சொல்லுக்காகச் செய்த ஏற்பாடு இல்லை. 'கால்' என்ற பெத் வேரோடு ய் விகுதி சேர்ந்து, நடந்து போகிறவனைக் குறிக்கும் பெஸோஸ் வருவதும் இதே விதியால்தான். அதனால் ஸேவுஸ். ஆங்கில உச்சரிப்பைப் பின்பற்றித் தமிழில் ஜீயஸ் என்று எழுதுகிறோம். லத்தீனில் தொடக்கத்து த் உதிர்ந்து ய் மட்டும் நிற்கிறது. மிகப் பழைய லத்தீன் கல்வெட்டுகளில் த் உதிர்வதற்கு முந்தைய தியோவெய், 'ஜூபிடருக்கு', இன்னும் கிடைக்கிறது. பின்னாளில் அது யோவி ஆகிறது. விதி எப்படி வேலை செய்தது என்பதை அந்த மொழியின் கல்வெட்டுகளே காட்டிவிடுகின்றன.

'தந்தை' என்ற இரண்டாம் சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. சமஸ்கிருதத்தில் பிதர், கிரேக்கத்திலும் லத்தீனிலும் பதெர். முதல் உயிர் ஒரு பக்கம் இ, மறு பக்கம் அ. பகாரத்துக்கும் தகாரத்துக்கும் நடுவே மூல மொழியில் ஏதோ ஒரு ஒலி இருந்து அழிந்துபோயிருக்க வேண்டும், அது இந்தியப் பக்கம் இ ஆகவும் ஐரோப்பியப் பக்கம் அ ஆகவும் ஆனது என்பதே விளக்கம். இப்படிக் காணாமல்போன ஒலிகள் இருந்திருக்க வேண்டும் என்று 1879ஆம் ஆண்டுத் தேதியிட்ட தன் நூலில் வெறும் கணக்கால் காட்டியவர் ஃபெர்தினான் த சொசூர். 1915இல் ஹ்ரோஸ்னி ஹிட்டைட் மொழியைப் படித்துக் காட்டினார். 1927இல் குரிவோவிச், சொசூர் சொன்ன இடங்களில் ஹிட்டைட் ஆப்பெழுத்தில் ஒரு ஹகாரம் நிற்பதை எடுத்துக் காட்டினார். *ப்ஹ்தேர் என்பதில் உள்ள ஹ் அதுதான்.

ஒலி பொருந்துவது முதல் படி மட்டுமே. ஒரு சொல்லின் ஒரு வடிவம் மட்டும் பொருந்தினால் தற்செயல் என்று தள்ளிவிடலாம். வேற்றுமை ஏற்கும்போது வரும் ஒழுங்கற்ற மாற்றங்களும் பொருந்தினால் தள்ள முடியாது. இரண்டாம் வேற்றுமையைப் பாருங்கள். 'வானத்தை' என்பதற்கு சமஸ்கிருதம் த்யாம், ஹோமரின் கிரேக்கம் ஸேன், லத்தீன் தியேம். எழுவாயில் உள்ள வகரம் மூன்றிலும் மாயமாகிவிட்டது, உயிர் நீண்டுவிட்டது. மூல மொழியில் வகரத்துக்குப் பின் இறுதி மகரம் வந்தால் வகரம் மறைந்து முன்னுள்ள உயிர் நீளும் என்பது விதி. பசுவுக்கான சொல்லிலும் இதே கதைதான்: சமஸ்கிருதத்தில் கௌஸ், இரண்டாம் வேற்றுமையில் காம். டோரியக் கிரேக்கத்தில் போஸ், போன். சமஸ்கிருதம் மட்டும் படித்தவருக்கு த்யௌஸ்–த்யாம், கௌஸ்–காம் என்பது மனப்பாடம் செய்ய வேண்டிய விதிவிலக்கு. மூன்று மொழிகளையும் பக்கத்தில் வைத்தால் அது ஒரு பொதுச் சொத்து. கடன் வாங்குகிறவர்கள் பெயரை வாங்குவார்கள், அதன் விதிவிலக்குகளையும் சேர்த்து வாங்க மாட்டார்கள்.

ஆறாம் வேற்றுமையில் சமஸ்கிருதம் திவஸ், கிரேக்கம் தியோஸ். நடுவில் வகரம் இருந்திருக்க வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே கணித்திருந்தார்கள். 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ், கிரேக்கத்தை எழுதப் பயன்பட்ட மிகப் பழைய எழுத்தான லீனியர் பியைப் படித்ததும் கணிப்பு கண்ணுக்கு முன்னால் வந்தது. கிரேக்கத்தின் பைலோஸ் அரண்மனையில் கிடைத்த, கி.மு. 1200ஐ ஒட்டிய ஒரு களிமண் பலகையில் கடவுளருக்குக் கொடுத்தவற்றின் பட்டியல் இருக்கிறது. 'தி-வெ' என்று எழுதி ஒரு தங்கக் கிண்ணம், ஒரு ஆள். அடுத்து 'எ-ர', அதாவது ஹேராவுக்கு, ஒரு தங்கக் கிண்ணம், ஒரு பெண். அடுத்து 'தி-வொ'வின் மகன் திரிமியோவுக்கு ஒரு தங்கக் கிண்ணம். தி-வெ என்பது நான்காம் வேற்றுமை, தி-வொ என்பது ஆறாம் வேற்றுமை. ஹோமருக்குச் சுமார் 500 ஆண்டு முன்னால் ஒரு கணக்குப்பிள்ளை ஈரக் களிமண்ணில் கீறிவைத்த வரிகளில் அந்த வகரம் அப்படியே இருக்கிறது.

ஆனாலும் ஆதாரங்களின் உச்சம் விளி வேற்றுமைதான். இந்தத் தெய்வம் மக்கள் வாயில் வாழ்ந்தது எழுவாயாக அல்ல, அழைப்பாக. ரிக்வேதம் 6ஆம் மண்டலம், 51ஆம் பாடல், 5ஆம் மந்திரம் இப்படித் தொடங்குகிறது: "த்யௌஷ் பிதஃ ப்ருதிவி மாதர் அத்ருக் அக்னே ப்ராதர்". தந்தை வானே, வஞ்சமில்லாத தாய் நிலமே, உடன்பிறந்த அக்னியே என்று கூப்பிட்டு, எங்களிடம் இரக்கம் காட்டுங்கள் என்று முடிகிறது. இலியத்தின் 3ஆம் பகுதியில் அகமெம்னன் கையை உயர்த்தி வேண்டும்போது "ஸேவ் பதெர்" என்று தொடங்குகிறான். இத்தாலியின் இகூவியம் ஊரில் கிடைத்த வெண்கலப் பலகைகளில், உம்பிரிய மொழியில், அழைப்பு "யூபதெர்".

லத்தீனில் நடந்தது இன்னும் சுவாரசியம். ஜூபிடரின் லத்தீன் வடிவமான யுப்பிட்டெர் என்ற பெயரே ஒரு விளி. 'யூ பதெர்', 'வானத் தந்தையே' என்று ஓயாமல் கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தக் கூப்பாடே எழுவாயாக உறைந்துவிட்டது. தமிழர் இதைப் புரிந்துகொள்ள எங்கும் போக வேண்டாம். அப்பன் என்பது எழுவாய், அப்பா என்பது விளி. ஆனால் 'அப்பா வந்தார்' என்றுதான் சொல்கிறோம். வீட்டில் அழைக்கும் வடிவம் எழுவாயின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ரோமில் ஜூபிடருக்கு நடந்ததும் இதுவே. பழைய எழுவாய் வடிவம் தியேஸ்பிதெர் என்று அரிதாக நூல்களில் தங்கியிருக்கிறது. பதெர் ஏன் பிட்டெர் ஆனது என்றால், லத்தீனில் கூட்டுச்சொல்லின் நடுவில் உள்ள குறில் அகரம் இகரமாகும். ஃபாகியோ 'செய்கிறேன்', கோன்ஃபிகியோ 'செய்து முடிக்கிறேன்' என்பதில் நடப்பதுதான். இரட்டைப் பகரம், முன்னால் இருந்த ஊகார நீட்டம் குறுகியதற்கு ஈடாக வந்தது.

விளியில் இன்னொரு நுட்பமும் உண்டு. பேச்சழுத்தம் இடம் மாறுகிறது. கிரேக்கத்தில் எழுவாய் பதேர் என்பதில் அழுத்தம் கடைசி அசையில், விளியாகிய பதெர் என்பதில் முதல் அசையில். வேத சமஸ்கிருதத்திலும் பிதா என்ற எழுவாயில் உதாத்தம், அதாவது உயர்ந்த சுரம், கடைசியில், தனித்து வரும் விளியில் முதல் அசையில். ஓரசைச் சொல்லாகிய த்யௌஸிலும் ஸேவிலும்கூட இது தெரிகிறது: எழுவாயில் ஏறி நிற்கும் சுரம், விளியில் ஏறி இறங்குகிறது. வேதத்தில் அதை ஸ்வரிதம் என்கிறார்கள், கிரேக்கத்தில் அதற்குத் தனி வளைகுறி உண்டு. வேதம் ஓதுவோரும் கிரேக்க இலக்கண ஆசிரியர்களும் ஒருவரையொருவர் அறியாமல், ஒரே அழைப்பின் ராகத்தைக் காத்துவைத்திருக்கிறார்கள். இந்த ஒரு சான்றுக்காகவே இந்தத் துறை படிக்கத் தகுந்தது என்பது என் கருத்து.

மற்ற சாட்சிகள் மெலிந்தவை, ஆனால் முக்கியமானவை. எபிரஸ் பகுதியின் டிம்ஃபேயா மக்கள் தெய்பதுரோஸ் என்று ஒரு கடவுளை வணங்கினார்கள் என்று ஹெசிக்கியஸின் பழைய கிரேக்க அகராதியில் ஒற்றை வரிக் குறிப்பு இருக்கிறது. அனத்தோலியாவில் ஹிட்டைட் மொழியில் சியுஸ் என்றால் பொதுவாகக் 'கடவுள்'. மேலே சொன்ன சிவத் என்பதில் போலவே இங்கும் த்ய் சகரமாகிவிட்டது. பக்கத்து மொழியான லூவியனில் திவாஸ் என்பது சூரியக் கடவுள். அவனைத் 'தந்தை திவாஸ்' என்று அழைக்கிறார்கள், ஆனால் தந்தைக்கு அங்கே ப்ஹ்தேர் இல்லை, தாதிஸ் என்ற குழந்தைச் சொல். ஆக அனத்தோலியாவில் பெயர் இருக்கிறது, தந்தை என்ற பட்டமும் இருக்கிறது, ஆனால் வானம் சூரியனாகிவிட்டது. அனத்தோலியக் கிளை முதலில் பிரிந்தது என்பதால், 'வானத் தந்தை' என்ற சேர்க்கை அந்தப் பிரிவுக்கு முன்பே முழுதாக உருவாகியிருந்ததா என்ற கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. கவனமாக எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் நிதானிப்பார்கள்.

அடுத்து தவறுகள். முதலாவது தவறு, மூலத்திலேயே தொடங்கியது. இந்த மொழிகளின் உறவை முதலில் எடுத்துச் சொன்னவர்களில் ஒருவரான ஆங்கிலேய அறிஞர் வில்லியம் ஜோன்ஸ் 1784இல் எழுதிய கட்டுரையில் தியேஸ்பிதெரை 'திவஸ்பதி' என்ற இந்திரன் பட்டத்தோடு பொருத்தினார். முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு. பதி என்றால் தலைவன், அதற்கு லத்தீன் உறவு போதிஸ், கிரேக்க உறவு போசிஸ். பிதெர் என்பதோ தந்தை. இதே தவறு இன்றும் வேறு உருவில் உலவுகிறது: ஜூபிடரும் பிரகஸ்பதியும் ஒரே கிரகம், வியாழக்கிழமை இருவருக்கும் சொந்தம், ஆகவே பெயரும் ஒன்று என்கிறார்கள். வார நாட்களின் கிரக அடுக்கு கிரேக்க-ரோமானிய சோதிடத்தோடு கி.பி. முதல் சில நூற்றாண்டுகளில் இந்தியாவுக்கு வந்தது. கிரகத்துக்குக் கிரகம் மொழிபெயர்த்தார்கள், அவ்வளவே. பிரகஸ்பதியில் வானமும் இல்லை, தந்தையும் இல்லை.

இரண்டாவது, லத்தீன் தேவுஸையும் கிரேக்க தெயோஸையும் இணைப்பது. இரண்டுக்கும் பொருள் 'கடவுள்', ஒலியும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் கிரேக்கத்தில் உள்ளது மூச்சொலியோடு கூடிய த. அது மூல மொழியின் வேறொரு மெய்யிலிருந்து வந்தது, வேரே வேறு. தேவுஸுக்கு உறவு சமஸ்கிருத தேவன். காதுக்கு ஒத்துப்போவது ஆதாரம் ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ஜீயஸ் என்பதும் ஜூபிடர் என்பதும் காதுக்கு ஒட்டவே ஒட்டாது, ஆனால் அவைதான் உறவு.

மூன்றாவது, நார்டிக் கடவுள் டூர். 19ஆம் நூற்றாண்டில் மாக்ஸ் முல்லர் த்யௌஸ், ஜீயஸ், ஜூபிடர், டூர் என்று நால்வரையும் சமன் போட்டு, மனிதகுலத்தின் பழைய வரலாறு பற்றி அந்த நூற்றாண்டு கண்ட மிகப் பெரிய கண்டுபிடிப்பு என்று கொண்டாடினார். முதல் மூன்றும் நிற்கின்றன. டூர் நிற்கவில்லை. டூர் வந்தது *த்யேவுஸிலிருந்து அல்ல, அதன் வழிப்பெயராகிய *தெய்வோஸ் என்பதிலிருந்து. அதற்குப் பொருள் 'வானத்தவன்', பொதுவாகக் கடவுள். பழைய நார்ஸில் அதன் பன்மை தீவர், எல்லாக் கடவுளரையும் குறிக்கும். லித்துவேனிய தியேவஸ், லாட்விய தியேவ்ஸ் என்பவையும் *தெய்வோஸ் வழி வந்தவையே. லாட்வியாவின் நாட்டுப்பாடல்களில் தியேவ்ஸ் குதிரையில் மெல்ல மெல்ல மலையிலிருந்து பள்ளத்துக்கு இறங்கிவருகிறார், விளைநிலத்துக்கு நன்மை செய்கிறார். அழகான படிமம், பழைய வானத் தந்தையின் சாயல் அதில் இருக்கவும் கூடும். ஆனால் கிறித்தவக் கடவுளுக்கும் அங்கே அதே பெயர்தான். இரண்டும் கலந்துபோயிருக்கின்றன. கிரிஸ்யானிஸ் பரோன்ஸ் தொகுத்து வெளியிட்ட இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் எது பழையது, எது மாதா கோயில் வந்தபின் சேர்ந்தது என்று பிரிப்பதே தனி வேலை.

*தெய்வோஸ் பற்றிச் சொல்லும்போது நம் சொல்லுக்கும் வந்துவிடலாம். தமிழ் எழுத்தில் எழுதினால் அது 'தெய்வம்' போலவே இருக்கிறது. அந்த ஒற்றுமை நேர்வழியில் வந்தது அல்ல. மூல மொழியின் எய் சமஸ்கிருதத்தில் ஏகாரமாகி தேவ ஆனது. அந்த தேவ என்பதிலிருந்து, உயிரை நீட்டி 'தேவருக்குரியது' என்ற பொருளில் தைவ என்ற சொல்லைப் படைத்தார்கள். அந்தத் தைவ என்பதைத் தமிழ் கடன் வாங்கித் தெய்வம் என்று ஆக்கிக்கொண்டது. சுற்றிவந்து பழைய உருவத்துக்கு அருகிலேயே நிற்கிறது. தேவன், திவ்ய தேசம் என்பதில் உள்ள திவ்ய, பகலை உண்டாக்குபவன் என்ற திவாகரன், தினம் எல்லாம் அதே ஒளிர்தல் வேரின் சமஸ்கிருதக் கிளைகள் வழியாகத் தமிழுக்கு வந்தவை. ஆகவே சொல்லில் உறவு உண்டு, அது கடன் உறவு. வானத் தந்தையைத் தமிழர் வணங்கினர் என்பதற்கு இது சான்று ஆகாது. வானோர், விண்ணோர் என்ற நம் சொற்கள் *தெய்வோஸ் போலவே 'வானத்தவர்' என்று கடவுளரைக் குறிக்கின்றன. இது பொருள் ஒற்றுமை மட்டுமே, வேர் வேறு.

அதைவிட ஆபத்தான ஒற்றுமை ஒன்று. ஹிட்டைட்டில் தந்தைக்கு அத்தஸ், பழைய ஜெர்மானிய மொழியான கோதிக்கில் அத்தா, தமிழில் அத்தன். உடனே உறவு கொண்டாடத் தோன்றும். அப்பா, அத்தா, தாதா, பாபா போன்றவை பல் முளைக்காத குழந்தையின் வாயில் தானாக வரும் ஒலிகள். உலகத்தின் எந்த மூலையிலும் தனித்தனியாக உருவாகும். மொழி உறவை நிறுவக் குழந்தைச் சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்பது இத்துறையின் பாலபாடம். *ப்ஹ்தேர் என்பது அப்படிப்பட்ட கொஞ்சல் சொல் அல்ல. குடும்பத் தலைவனைக் குறிக்கும் மரியாதைச் சொல். அதனால்தான் ரிக்வேதம் 1.164.33இல் த்யௌஸைப் 'பிதா' என்று சொன்னதோடு நிறுத்தாமல் 'ஜனிதா', பெற்றவன், என்று தனியாகவும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான்காவது தவறு, வருணனையும் கிரேக்க ஊரனோஸையும் பிணைப்பது. இருவரும் வானம் சார்ந்தவர்கள்தான், ஆனால் ஒலி விதி இடம் கொடுக்கவில்லை. ஊரனோஸ் என்பதை 'மழை பொழிவிப்பவன்' என்ற பொருளில் சமஸ்கிருத வர்ஷ என்பதோடு சேர்ப்பதே ஒலிக்குப் பொருந்துகிறது.

இப்போது கடினமான பகுதி: அந்தத் தெய்வம் யார்? இங்கே ஒரு நடைமுறை வழி உண்டு. ஒரு குணத்தை மூலத் தெய்வத்துக்குக் கொடுக்க வேண்டுமானால், அது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத குறைந்தது இரண்டு கிளைகளில் இருக்க வேண்டும். ஒரே சொற்களால் சொல்லியிருந்தால் இன்னும் நல்லது. கிரேக்கமும் ரோமும் மட்டும் ஒத்துப்போனால் போதாது. அவை அண்டை வீட்டுக்காரர்கள், ஒருவர் சரக்கை ஒருவர் எடுத்துக்கொண்டவர்கள்.

இந்த அளவுகோலில் இடி தோற்றுவிடுகிறது. ஜீயஸுக்கும் ஜூபிடருக்கும் இடி உண்டு. ஆனால் வேதத்தில் வச்சிரம் இந்திரன் கையில், லித்துவேனியாவில் இடி பெர்கூனாஸுடையது, தியேவஸுடையது அல்ல. ஸ்காண்டிநேவியாவில் தோருடையது. ஹிட்டைட்டுகளிடம் புயற்கடவுள் வேறு பெயரில் தனியாக இருக்கிறான். இடி முதலில் வேறொருவர் வேலை, கிரேக்கத்திலும் இத்தாலியிலும் வானத்தின் தலைவனோடு வந்து ஒட்டிக்கொண்டது என்பதே பொருத்தம். குரோனோஸ் தன் தந்தையை ஆண்மை நீக்கி அரசைப் பிடித்தது, ஜீயஸ் அவனை வீழ்த்தியது என்ற அரியணைக் கதையும் இப்படித்தான். ஹிட்டைட் தலைநகரான ஹத்துசாவில் கிடைத்த குமார்பி கதையில் அனு என்ற வானக் கடவுளின் ஆண்மையை குமார்பி கடித்து விழுங்குகிறான். அது ஹுர்ரியர் என்ற பக்கத்து மக்கள் வழி வந்த மேற்காசியச் சரக்கு. அதைக் கழித்துவிட்டுத்தான் ஜீயஸைப் பார்க்க வேண்டும்.

அளவுகோலில் தேறுபவை: விடியல் அவன் மகள். ரிக்வேதத்தில் உஷஸ் 'திவோ துஹிதா', வானின் மகள். ஹோமரில் அதே இரண்டு சொற்கள் 'தியோஸ் துகாதேர்' என்று, ஆனால் விடியலுக்கு அல்ல, அதீனாவுக்கும் அஃப்ரொதீத்தேவுக்கும் வழங்குகின்றன. தொடர் பிழைத்துவிட்டது, உரியவள் மாறிவிட்டாள். இரட்டை மகன்கள் உண்டு: அச்வினிகள் 'திவோ நபாதா', கிரேக்கத்தில் தியோஸ்கூரோய், அதாவது 'ஜீயஸின் பிள்ளைகள்', லாட்வியாவில் 'தியேவ தேலி'. மூன்று இடத்திலும் குதிரைக்காரர்கள் அல்லது குதிரையோடு சேர்ந்தவர்கள். துணைவி நிலம் என்பதும் தேறுகிறது, ஆனால் அரை மதிப்பெண்ணோடு. வேதத்தில் வானும் நிலமும் பிரியாத ஜோடி. த்யாவாப்ருதிவீ என்று ஒரே சொல்லாகக் கட்டி ஆறு பாடல்கள் இருக்கின்றன. கிரேக்கத்தில் டோடோனா கோயிலின் பூசாரிப் பெண்கள் 'ஜீயஸ் இருந்தார், இருக்கிறார், இருப்பார். நிலம் விளைச்சல் தருகிறது, நிலத்தைத் தாய் என்று அழையுங்கள்' என்று பாடினார்கள் என்று கிரேக்கப் பயண எழுத்தாளர் பவுசானியாஸ் எழுதிவைத்திருக்கிறார். பொருள் ஒத்துப்போகிறது. நிலத்தாயின் பெயர் கிளைக்குக் கிளை மாறுவதால் வானத் தந்தையைப் போல உறுதியாகப் பெயர் சொல்ல முடியவில்லை.

வேதத்தில் த்யௌஸுக்கென்று தனியாக ஒரு பாடல்கூட இல்லை. 1,028 பாடல்களில் ஒன்றும் இல்லை. ஓரிடத்தில் (1.131.1) 'அசுரனாகிய த்யௌஸ் இந்திரனுக்கு வணங்கினான்' என்றே வருகிறது. மேற்காசியாவின் மிதன்னி அரசு செய்த கி.மு. 14ஆம் நூற்றாண்டு உடன்படிக்கையில் மித்ரன், வருணன், இந்திரன், நாசத்யர் சாட்சிகளாக வருகிறார்கள், த்யௌஸ் இல்லை. ஆக இந்தியக் கிளையில் எழுத்தில் கிடைக்கும் காலத்துக்கு முன்பே அவன் பின்னுக்குப் போய்விட்டான். 'த்யௌஸ் வேதத்தின் முழுமுதற் கடவுள்' என்று எழுதுகிறவர்கள் பாடல்களைத் திறந்து பார்த்தால் போதும். ஆனால் இதையே திருப்பி, மூலத்திலும் அவன் அதிகாரமற்றவன் என்று சொல்லவும் முடியாது. கிரேக்கத்திலும் இத்தாலியிலும் தலைவன், இந்தியாவில் ஓய்ந்த பெரியவர். இரண்டில் எது பழைய நிலை என்று பெயரை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வழியில்லை. 'தந்தை' என்ற பட்டம் வீட்டுத் தலைவனுக்குரிய மரியாதையைத் தருகிறது. அரசன் என்ற பட்டத்தை அது தரவில்லை.

எல்லாக் கதையும் உதிர்ந்தபின் மிஞ்சுவது வானமேதான், உருவம் கொண்ட ஆள் அல்ல. லத்தீனில் 'சுப் யோவே', நேர்ப்பொருள் 'ஜூபிடரின் கீழ்', என்றால் வெட்டவெளியில் என்று பொருள். கிரேக்கத்தில் மழை பெய்கிறது என்பதை 'ஜீயஸ் பெய்கிறார்' என்றே சொன்னார்கள். ரோமில் ஆணையிடுவதற்குத் தியுஸ் ஃபீதியுஸ் என்று ஒரு தெய்வம் உண்டு, பெயரின் முதல் பாதி இதே வேர். அவன் கோயிலின் கூரையில் வானம் தெரியும்படி திறப்பு விட்டிருந்தார்கள் என்றும், அவன் பெயரால் சத்தியம் செய்வதைக் கூரைக்குக் கீழ் செய்யக் கூடாது என்று சிலர் சொல்வார்கள் என்றும் ரோமானிய அறிஞர் வாரோ குறித்திருக்கிறார். சத்தியம் செய்கிறவன் தலைக்கு மேல் பகல் வானம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. ரோமப் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸ் தன் குறிப்பேட்டின் 5ஆம் பகுதியில் ஏதென்ஸ் மக்களின் ஒரு வேண்டுதலை எழுதிவைத்து, வேண்டினால் இப்படி எளிமையாக வேண்ட வேண்டும், இல்லையேல் வேண்டவே கூடாது என்கிறார். அந்த வேண்டுதலில் இடியும் இல்லை, அரியணையும் இல்லை. "பெய், பெய், அன்பான ஜீயஸே, ஏதென்ஸாரின் உழவு நிலத்திலும் சமவெளியிலும்."